மண்ணைச் சோதித்தனர், மடியையும் சோதித்தனர்!

ரோமாபுரிக்கு அருகே ஃபிடேனே என்றோர் ஊர். ஆண்டு கி.பி. 27. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட அத்தீலியஸ் என்பவன் அவ்வூரில் மரத்தாலான மாபெரும் களரி ஒன்றை எழுப்பினான். வாள் வீரர் மோதுவதை மக்கள் கண்டு களிக்க வேண்டும். களிப்போர் காசு கொட்ட வேண்டும். கொட்டும் காசு தன் மடியில் சேர வேண்டும். இதுவே அவன் போட்ட கணக்கு. கெட்டித் தரை தேடிக் கடைக்கால் இடவில்லை. மரத்தோடு மரத்தை இறுகப் பிணைக்கவுமில்லை. டைபீரியஸ் மன்னன் ஆட்சியிலே கேளிக்கைகள் அரிது. ஆகவே ஆணும் பெண்ணும் அலை அலையாய் வந்தனர். களரி நிரம்பிற்று, நிரம்பியது நெளிந்தது, நெளிந்தது சரிந்தது! மாண்டோரும் ஊனமுற்றோரும் 50,000 பேர் என்று எழுதி வைத்தார் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ்.

அழுகுரல் அடங்கியதும் செனட் சபையினர் கூடினர். அத்தீலியஸ் நாடு கடத்தப்பட்டான். விதிகள் இரண்டு பிறந்தன. உறுதி சோதிக்கப்பட்ட மண்ணிலன்றி எவரும் களரி கட்டலாகாது என்பது ஒன்று. 4,00,000 செஸ்டர்ஸ் மதிப்புள்ள சொத்து இல்லாதவன் வாள் வீரர் காட்சியே நடத்தலாகாது என்பது மற்றொன்று.

முதல் விதி மண்ணைச் சோதித்தது; அது அறிவுடைமை. இரண்டாம் விதி மடியைச் சோதித்தது. அது எவ்வகை உடைமை? பணம் படைத்தவன் பிழை செய்யான் என்று எந்த ஏடு சொல்லிற்று? ஏழை கட்டினால் இடியும், செல்வன் கட்டினால் கோணலும் கோபுரமாய் நிற்கும் என்று எந்தத் தச்சன் இயம்பினான்?

இருபது நூற்றாண்டுகள் உருண்டோடி விட்டன. செனட் சபை மண்மேடாயிற்று. ஆனால் அந்த இரண்டாம் விதி மட்டும் இன்னும் இறக்கவில்லை, தோழர்களே! ஆர்க்கிடெக்ட் என்று ஊரார் அழைக்கும் கட்டடக் கலைஞர்கள், பட்டம் பெற்ற பின்னும் தம் தொழிலறிவைப் பெருக்கிக் கொள்ள மாநாடுகள் நடைபெறுகின்றன. பயிலரங்குகள், கருத்தரங்குகள், கண்காட்சிகள் நடைபெறுகின்றன. நல்லது, நடைபெறட்டும். ஆனால் அவற்றின் வாயிலிலே நிற்பது யார்? அந்தப் பழைய ரோமாபுரி விதிதான்! மண்ணைப்பற்றிக் கற்பிக்கும் மண்டபத்தின் வாசலில் மடியைத் தடவிப் பார்க்கிறார்கள். இந்த வழக்கைத்தான் இன்று மக்கள் மன்றத்தின் முன் வைக்கிறோம்.

யாருக்கு இந்தக் கவலை?

“ஆர்க்கிடெக்டுகள் மேலும் படித்தாலென்ன, படிக்காவிட்டாலென்ன? கூலிக்காரன் வாழ்வுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?” என்று கேட்கும் தோழர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால், நம் பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் படிக்கட்டின் அகலத்தைக் குறிப்பவர் எவர்? தாய்மார் மகவை ஈனும் மருத்துவமனையில் காற்று எந்தச் சாளரத்தின் வழியே வரவேண்டும் என்று முடிவு செய்பவர் எவர்? அடுக்குமாடிக் குடியிருப்பில் தீப்பிடித்தால் எந்த வழியே ஓடுவது என்று கோடு கிழிப்பவர் எவர்? அவர் தவறாகக் கிழித்த கோடு தாளில் இருக்கும்வரை ரப்பரால் அழிக்கலாம். கல்லாகி விட்டால் கண்ணீராலும் அழியாது!

2004 ஜூலை 16. குடந்தையில் ஒரு பள்ளி. கீற்றுக் கூரையில் மூண்ட தீ 94 குழந்தைகளைத் தின்றது. 2014 ஜூன் 28. சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில், முற்றுப்பெறாத 11 மாடிக் கட்டடம் மண்ணோடு மண்ணாய்ச் சரிந்தது. 61 உயிர்கள் அதனடியில் அடங்கின. மாண்டவர்கள் மாளிகையிலே குடியேற வந்தவர்களல்லர். மாளிகையை எழுப்ப வந்த உழைப்பாளிகள்! குற்றம் எவருடையது, எத்தனை பேருடையது என்பதை ஆராய விசாரணைகள் நடந்தன. நாம் இங்கே எவரையும் கூண்டில் ஏற்றவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறோம்: கட்டடத்தின் பிழை, வரைந்தவர் தலையிலோ விற்றவர் தலையிலோ முதலில் விழுவதில்லை. கீழே நிற்பவன் தலையில்தான் முதலில் விழுகிறது. ஆகவே கட்டடக் கலைஞரின் கல்வி அவரது சொந்த அலுவலன்று. நம் உயிரின் அலுவல்.

ஐந்தாண்டுக் கல்வி போதாதா?

ஐந்தாண்டுகள் கல்லூரியிலே பயின்று, பட்டம் பெற்று, பதிவேட்டில் பெயர் எழுதிக் கொண்டவருக்கு மேலும் எதற்குப் பாடம் என்பார் சிலர்.

பாடம் மாறுகிறது, ஐயா! கட்டடங்களுக்கான தேசிய விதித்தொகுப்பு 1970ஆம் ஆண்டு வெளிவந்தது. 1983இல் திருத்தப்பட்டது, 2005இல் திருத்தப்பட்டது, மீண்டும் 2016இல் திருத்தப்பட்டது. எரிசக்தியைச் சிக்கனப்படுத்துவதற்கான கட்டட விதி 2007இல் பிறந்து 2017இல் புது உருக் கொண்டது. தமிழ்நாட்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இல் வந்தன. 1990இல் பட்டம் பெற்ற ஒருவர் கல்லூரியில் கற்ற விதி, இன்று அலமாரியில் உறங்கும் பழைய ஏடு.

இன்னொன்று கேளுங்கள். சென்னை மாநகரம் நிலநடுக்க வரைபடத்தில் இரண்டாம் மண்டலத்தில் இருந்தது. 2001 ஜனவரி 26இல் குஜராத்தின் பூஜ் பகுதி குலுங்கிற்று. மறு ஆண்டில் விதிநூல் திருத்தப்பட்டுச் சென்னை மூன்றாம் மண்டலத்தில் சேர்க்கப்பட்டது. அதே நகரம், அதே மண், அதே கடற்கரை. ஆனால் அதன்மேல் எழும் கட்டடம் தாங்க வேண்டிய ஆட்டத்தின் அளவு ஏட்டிலே உயர்ந்துவிட்டது! அதற்குமுன் பட்டம் பெற்றவருக்கு இச்செய்தியைக் கொண்டு சேர்க்க வேண்டியது எவர் கடமை? அவரே தேடித் தெரிந்து கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா? தேடுவோர் தெரிந்து கொள்வர். தேட நேரமற்றோர்? அவர்கள் கட்டிய வீட்டில் குடியிருப்போர்?

மேலை நாட்டார் இதற்கொரு கணக்கு வைத்திருக்கின்றனர். பிரிட்டனில், அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தின் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 35 மணி நேரம் தம் தொழிற்கல்விக்கென ஒதுக்க வேண்டும். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் நிறுவனம் 18 மணி நேரம் கேட்கிறது. அதிலே 12, மக்களின் உடல்நலம், பாதுகாப்பு, நல்வாழ்வு பற்றிய பாடங்களாக இருந்தே தீரவேண்டும். இலண்டனில் 2017 ஜூன் 14 இரவு, கிரென்ஃபெல் அடுக்ககம் தீப்பந்தமாய் எரிந்து 72 பேர் மாண்டனர். சுவரின்மேல் போர்த்திய அழகுப் போர்வையே தீயை மாடிக்கு மாடி ஏற்றிச் சென்றது. விசாரணைக் குழு 2024இல் தந்த இறுதி அறிக்கையில் பலரைச் சாடிற்று. கட்டடக் கலைஞரையும் அது விடவில்லை. அதே 2024இல் அந்நாட்டுப் பதிவு வாரியமும் பதிவுபெற்ற கலைஞர் அனைவரும் ஆண்டுதோறும் கற்றாக வேண்டும் என்ற முறையைக் கொண்டு வந்தது. பிணங்களை எண்ணிய பிறகே பாடத்தை எண்ணும் பழக்கம் வெள்ளையரையும் விட்டுவைக்கவில்லை.

நம் நாட்டில்? 1972ஆம் ஆண்டு இயற்றப்பட்ட கட்டடக் கலைஞர் சட்டம், பதிவேட்டில் பெயர் நீடிக்க வேண்டுமாயின் புதுப்பித்தல் கட்டணம் கேட்கிறது. “கட்டணம் செலுத்தினாயா?” என்பது அச்சட்டத்தின் கேள்வி. “கடந்த ஆண்டு என்ன கற்றாய்?” என்பது அதன் வாயில் வரவேயில்லை! 2020இல் உச்ச நீதிமன்றம் மற்றொன்றையும் தெளிவாக்கிற்று. அச்சட்டம் ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டப் பெயருக்குத்தான் வேலி. வரைந்து கட்டும் பணிக்கு வேலியன்று. பதிவு பெறாதவரும் அப்பணியைச் செய்யலாம். அங்ஙனமாயின், பதிவு பெற்றவருக்குப் பெருமை எது? பெயர்ப் பலகையா? இடையறாத கல்வி ஒன்றே அவரைப் பிறரினின்றும் பிரித்துக் காட்டும் பெருமை!

ஒரு சிறு காட்சி

கற்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 1917இல் பம்பாயில் மாணவர் சங்கமாக முளைத்து, இந்தியக் கட்டடக் கலைஞர் நிறுவனமாய் வளர்ந்த அமைப்பு தேசிய மாநாடுகளை நடத்துகிறது. சட்டத்தின்படி அமைந்த கட்டடக் கலை மன்றம் பயிற்சி மையங்களை வைத்திருக்கிறது. ஓடு விற்போரும் வண்ணம் விற்போரும் கண்ணாடி விற்போரும் மாலை நேரக் கூட்டங்களை விருந்தோடு நடத்துகின்றனர். கணினியில் கட்டடம் முழுவதையும் முன்கூட்டியே எழுப்பிப் பார்க்கும் புது முறைகளுக்கு வகுப்புகள் உண்டு. குறை, வாய்ப்பு இல்லாமையன்று. வாய்ப்புக்கும் வறியவருக்கும் இடையே உள்ள வாயிற்காவல்.

நாடகம் எழுதும் கை சும்மா இருக்குமா? இதோ ஒரு கற்பனைக் காட்சி. இடம்: நட்சத்திர விடுதியின் முகப்பு. தென்கோடி ஊரிலே சிறு அலுவலகம் நடத்தும் இளைஞர் நுழைகிறார்.

இளைஞர்: ஐயா, வெள்ளம் புகாத வீடுகளைப் பற்றி இன்று பேசுகிறார்களாமே! இரவெல்லாம் இரயிலில் வந்தேன்.

வரவேற்பாளர்: பெயர் பதிந்து கட்டணம் செலுத்தியிருக்கிறீர்களா?

இளைஞர்: கட்டணத்தைக் கண்டேன், என்னிடம் வரைபடம் போடும் தம்பிக்கு நான் தரும் மாதச் சம்பளம் அது! எனக்கு விருந்து வேண்டாம், தோள்பை வேண்டாம், நினைவுப் பரிசும் வேண்டாம். பேச்சை மட்டும் பின் வரிசையில் நின்று கேட்டுவிட்டுப் போகிறேன். அதற்கு மட்டும் என்ன விலை?

வரவேற்பாளர்: பேச்சுக்கென்று தனியாக விலை இல்லை, ஐயா. விலை விருந்துக்குத்தான், பேச்சு அதனோடு இலவசம்!

திரை விழட்டும். சிரித்தது போதும், சிந்திப்போம். 2023 டிசம்பரில் தென் மாவட்டங்களை மழை சூறையாடிய போது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டிற்று. வெள்ளம் அங்கே, வெள்ளத்தைப் பற்றிய பேருரை இங்கே! வீட்டின் தளம் எத்தனை அடி உயர வேண்டும், வடிகால் எத்திசை ஓட வேண்டும் என்று அறிய வேண்டியவர் தாமிரபரணிக் கரையிலே இருக்கிறார். அதைச் சொல்ல வேண்டியவரோ குளிரூட்டிய கூடத்திலே, தம்மைப் போன்றோருக்கே சொல்லிக் கொண்டிருக்கிறார்.

மகளிரின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். கட்டடக் கலை வகுப்புகளிலே பெண்கள் திரளாக அமர்ந்து பயில்கின்றனர், வரைகின்றனர், வெல்கின்றனர். திருமணம், மகப்பேறு, முதியோர் பேணல் என்று சில ஆண்டுகள் தொழிலை விட்டு விலகிய ஒருத்தி மீண்டும் வர விழைந்தால், இடைக்காலத்தில் மாறிய விதிகளையும் கருவிகளையும் கற்றுக் கொள்ளப் பாலம் எங்கே? பிள்ளையை இடுப்பிலே வைத்துக் கொண்டு, மூன்று நாள் வெளியூர் மாநாட்டுக்கு அவள் போவாளா? கற்ற கலை அடுப்பங்கரையில் புகைந்து போவது அவளுக்கு மட்டுமா இழப்பு? நாட்டுக்கன்றோ இழப்பு!

எந்த மொழியில்? எவரிடத்தில்?

கட்டணக் கதவைக் கடந்தவருக்கு அடுத்த கதவு மொழி. ஆங்கிலத்தை நாம் வெறுக்கவில்லை; உலகைக் காட்டும் சாளரம் அது. ஆனால் சாளரத்தை வாசலாக்கி, அதன் வழியே ஏறிக் குதிப்பவனே வீட்டுக்கு உரியவன் என்பது என்ன நீதி? கட்டடம் தாளில் முடிவதில்லை. கொத்தனார் கையில் முடிகிறது. கலைஞர் ஆங்கிலத்தில் கற்றதைச் சாரத்தின் மேல் நிற்பவருக்குத் தமிழில் சொல்லத் தெரியவில்லையென்றால், அந்த அறிவு வரைபலகையோடு நின்றுவிடும்.

“தமிழிலே சொல்லில்லையே!” என்பர். சொல்லா இல்லை? கடைக்கால், தூண், உத்தரம், நிலை, சாந்து, கலவை, சாரம், தூக்குக்குண்டு, ரசமட்டம், தாழ்வாரம், முற்றம், திண்ணை – எத்தனை வேண்டும்? காங்கிரீட்டைக் காங்கிரீட் என்றே சொல்லுங்கள். தமிழன்னை கோபிக்க மாட்டாள். தூண் ஏன் சாய்ந்தது என்பதைத் தமிழில் சொல்லாவிட்டால்தான் கோபிப்பாள்!

கட்டடக் கலைஞருக்கு எழுத்து, வரைகலை, கணிதம், வரலாறு, தத்துவம், இசை, மருத்துவம், சட்டம், வானியல் எல்லாமே தெரிந்திருக்க வேண்டும் என்றார் ரோமானியப் பேரறிஞர் விட்ருவியஸ். அவர் கேட்ட பட்டியலில், ஈசானிய மூலையில் எதை வைத்தால் செல்வம் கொழிக்கும் என்ற ‘ஞானம்’ இல்லை. இன்றோ வாஸ்துவை வளைத்து வளைத்துப் பேசுவோர் பெருகிவிட்டனர். சமையலறை எம்மூலையில் இருந்தால் அதிர்ஷ்டம் என்று விளக்குவதற்கு வாய் இருக்கிறது. அந்தச் சமையலறையில் தீ மூண்டால் பாட்டியும் பேரனும் எவ்வழியே வெளியேறுவர் என்று விளக்குவதற்கு வாய் இருக்கிறதா? மூலையைப் பார்ப்பது மூடநம்பிக்கை. மூளையைப் பார்ப்பது கல்வி.

நல்லாசிரியர்கள் இந்நிலத்தில் இல்லாமலில்லை. இங்கிலாந்தில் பிறந்து, 1945இல் இந்தியா வந்து, பின்னர் திருவனந்தபுரத்திலே வாழ்ந்து 2007இல் மறைந்த லாரி பேக்கரை எண்ணுங்கள். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறையைப் பரப்பினார். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். சுவரின் நடுவே நிற்கும் காற்றால் வெப்பமும் தணிவு! அதை அவர் பூட்டி வைக்கவில்லை. தம் கையாலேயே படம் போட்டு, சிறு சிறு ஏடுகளாக்கி, வீடு கட்டும் எவரும் விளங்கிக் கொள்ளும்படி தந்தார். 1985இல், முன்னாள் முதலமைச்சர் அச்சுத மேனன், பொருளியல் அறிஞர் கே.என்.ராஜ் ஆகியோருடன் சேர்ந்து ‘காஸ்ட்ஃபோர்ட்’ என்ற அமைப்பையும் கண்டார். முதலமைச்சராய் இருந்தவர் செங்கல்லைப் பற்றிப் பேச அமர்ந்தார் என்றால், அரசியலுக்கு அதைவிட ஏற்றம் ஏது? புதுவையை ஒட்டிய ஆரோவில்லில் உள்ள மண் கட்டுமான நிறுவனம், மண்ணை அழுத்திக் கல்லாக்கும் கலையைக் கையால் செய்து பார்த்தே கற்கும்படி பயிற்சி தருகிறது. அங்கே சான்றிதழுக்கு முன்னே சகதி கையில் ஒட்டுகிறது!

நம் நாட்டிலேயே 1957இல் இரு நிறுவனங்கள் பிறந்தன. சென்னைப் பல்கலைக் கழகத்தின் கீழ்க் கட்டடக் கலைத் துறை ஒன்று. இன்று அது அண்ணா பல்கலைக் கழகத்தின் அங்கம். மாமல்லபுரத்திலே சிற்ப, கட்டடக் கலைப் பயிற்சி மையம் மற்றொன்று. பின்னாளில் அரசுக் கல்லூரியாக மலர்ந்தது. அதன் தலைமைப் பொறுப்பிலிருந்த கணபதி ஸ்தபதியின் கைவண்ணமே, 2000ஆம் ஆண்டின் முதல் நாள் திறக்கப்பெற்ற, குமரிமுனையில் 133 அடி உயர்ந்து நிற்கும் வள்ளுவர் சிலை. ஒரே ஆண்டில் பிறந்த அவ்விரு நிறுவனங்களின் மாணவரும் ஒரே கல்லைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் கணக்கை மற்றவரும் மற்றவர் உளியை ஒருவரும் கற்றுக் கொள்ளும் நாட்கள் ஆண்டுக்கு எத்தனை? தந்தை மகனுக்கு மட்டும் சொன்ன தொழில் இரகசியம் ஒரு காலத்தில் சாதியின் பூட்டு. இன்று கட்டணம் புதிய பூட்டு. பூட்டு எதுவாயினும் உடைக்க வேண்டியதே நம் வேலை.

மறுப்பும் மறுமொழியும்

“கல்வியைக் கட்டாயமாக்கினால் சான்றிதழ் வாணிபம் பெருகும், கையெழுத்துப் போட்டு, சாப்பிட்டு, நழுவி விடுவர்” என்பது ஒரு மறுப்பு. உண்மைதான். அதை மறைக்கப் போவதில்லை. மணி நேரத்தை மட்டும் எண்ணினால் அக்கேடு வரும். ஆகவேதான் கட்டணமும் கட்டாயமும் கைகோத்து வருவதை நாம் எதிர்க்கிறோம். முதலில் வாய்ப்பை ஏழையின் வாசலுக்குக் கொண்டு வாருங்கள். பிறகு கடமையைக் கேளுங்கள். வழி திறக்காமல் வரி கேட்பது ஆட்சியன்று, வழிப்பறி!

“மேதைகளுக்கு வகுப்பு எதற்கு? ஜப்பானின் தடாவ் ஆண்டோ கல்லூரியிலா படித்தார்?” என்பது மற்றொன்று. ஆம், குத்துச்சண்டை வீரராயிருந்து, தாமே கற்று, 1995இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்றவர் அவர். கல்லூரியைப் பாதியில் விட்டு மேடையேறிய நமக்கும் அந்த வரலாறு இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் அவர் வகுப்பை விட்டார், கல்வியை விட்டாரா? நாடுநாடாய்ச் சென்று கட்டடங்களைக் கண்டு கற்றார். மேடையில் தேர்ந்த நடிகனும் புது நாடகத்துக்குப் புது ஒத்திகை பார்க்கிறான். வசனம் மறந்தால் அவையோர் சிரிப்பர், அவ்வளவே. கட்டடத்தில் கணக்கு மறந்தால் அவையே மாளும்!

நாம் கேட்பது

கட்டடக் கலைஞர் அமைப்புகளையும், கல்லூரிகளையும், மாநில அரசையும் நோக்கிக் கேட்கிறோம்.

தீ, வெள்ளம், நிலநடுக்கம் இம்மூன்றையும் பற்றிய பாடங்களுக்குக் கட்டணமே கூடாது. உயிர் காக்கும் அறிவுக்கு விலைச் சீட்டு ஒட்டுவது அறமன்று.

மாவட்டந்தோறும் ஒரு கல்லூரிக் கூடம், மாதம் ஒரு விடுமுறை நாள் திறக்கட்டும். விரிவுரை தமிழில் நிகழட்டும். ஆங்கில உரையாயின் அங்கேயே தமிழில் பெயர்த்துச் சொல்ல ஆள் இருக்கட்டும்.

கற்கும் நேரத்தில் ஒரு பங்கு கட்டுமிடத்தில் கழியட்டும். கொத்தனாரும் தச்சரும் கம்பி கட்டுவோரும் அங்கே பார்வையாளராக அன்று, பாடம் சொல்வோராக அமரட்டும். அவர்களுக்கு அன்றைய கூலியும் கிடைக்கட்டும்.

அலுவலகம் நடத்துவோர் தம்மிடம் பணிபுரியும் இளைஞரைச் சம்பளம் பிடிக்காமல் பயிற்சிக்கு விடுக்கட்டும். இடைவெளிக்குப்பின் திரும்பும் பெண்களுக்குத் தனித் தொடர் வகுப்பும், குழந்தையை விட்டு வைக்க ஓர் அறையும் இருக்கட்டும்.

கட்டட அனுமதி வழங்கும் நகராட்சி, ஊராட்சி அலுவலர்களும் அதே கூடத்தில், அதே வரிசையில் அமரட்டும். வரைபவரும் ஒப்புதல் தருபவரும் ஒரே பாடத்தைக் கேட்டால், இடையே தரகன் பாடம் நடத்த இடமிராது.

இவை ஆகாயத்தை வளைக்கும் கோரிக்கைகளா? இல்லை. கூடங்கள் உண்டு, கற்பிக்க வல்லோர் உண்டு, கற்கத் துடிப்போர் உண்டு. இல்லாதது ஒன்றே: கதவைத் திறக்கும் மனம்.

பாபிலோன் மன்னன் ஹம்முராபி, வீடு இடிந்து உடையவன் மாண்டால் கட்டியவனைக் கொல் என்று கல்லிலே பொறித்தான். அது பழிவாங்கும் காலத்துச் சட்டம். ரோமானியர் மண்ணைச் சோதி என்றனர். அது பகுத்தறிவின் தொடக்கம். அதோடு மடியையும் சோதி என்றனர். அது பணத்திமிரின் ஒட்டு. நாம் மக்களாட்சிக் காலத்தவர். கொல்லவும் வேண்டாம், மடியைத் தடவவும் வேண்டாம். மண்ணைச் சோதிப்போம், அதைச் சோதிக்கும் அறிவை மண்ணின் மைந்தர் அனைவருக்கும் தருவோம்!

களரி கட்டும் முன்னே கடைக்காலைப் பாருங்கள். கலைஞனுக்குக் கடைக்கால் கல்வி. அதை ஒரு சிலர் நிலத்தில் மட்டும் இட்டால், கட்டடம் அவர்களுக்கு நிற்கும், நாடு நிற்காது!